அகழியில் இரண்டு அன்னங்கள்

நவம்பர் 6, புதன்

காலையிலிருந்து தூறல். காக்ஸ் டவுன் மார்க்கெட் முழுக்கச் சேறாம், போகவில்லை. துணி காயவில்லை. இத்தாலியிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது, பெட்டி இன்னும் கூடத்திலேயே. ரெஜினா எடுத்து வைப்பதாகச் சொன்னாள். சொன்னதோடு சரி.

ஞாயிறு அன்பியக் கூட்டம், தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் ஜெபம், நம் வீட்டில். யாத்திரை போய் வந்தவர்கள் ஜெபம் வைத்து, பார்த்ததைச் சொல்லி, கொண்டுவந்த தீர்த்தத்தைக் கொடுப்பது இந்தத் தெரு வழக்கம். ரோம் பற்றி மற்றவர்கள் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். அங்கிருந்து ரயிலேறி பாரி நகரத்துக்குப் போனது நானும் என் நாத்தனார் ரெஜினாவும் மட்டும். புனித நிக்கோலாஸ் கல்லறை அங்கேதான். என் வீட்டுக்காரரின் பெயரும் நிக்கோலாஸ். உயிரோடு இருந்தபோது போக ஆசைப்பட்டார்.

பேசக் குறிப்பு:
கோயில். வெள்ளைக் கல். நிலவறையில் கல்லறை. மெழுகுவர்த்தி வாசம்.
பழைய ஊர். சந்துகள், தலைக்கு மேல் துணிக்கொடிகள். வாசலில் நாற்காலி போட்ட பெண்கள் மாவைக் கட்டைவிரலால் இழுத்துக் காது வடிவில் உலர்த்துகிறார்கள்.
துறைமுகம். மீனவர்கள் ஆக்டோபஸைக் கல்லில் ஓங்கி அடிக்கிறார்கள், மெத்தென்று ஆகவாம்.
கோட்டை. தடித்த சுவர். சுற்றிலும் அகழி, பச்சைத் தண்ணீர், இரண்டு வெள்ளை அன்னங்கள்.

படித்துக் காட்டினேன். ரெஜினா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னமா? எங்க அண்ணி பாத்தீங்க?"

"கோட்டை அகழியில்."

"அது காஞ்சு கெடந்துச்சே! புல்லுதான். பூனைங்க வெயில்ல படுத்திருந்துச்சு. அந்தக் குண்டுப் பூனையப் பாத்து நம்ம ஃபாதர் மாதிரியே இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க."

"நானா? குருவானவரையா?"

"ஆமா. அப்புறம் சிரிப்ப அடக்க முடியாம செவுத்தப் புடிச்சிட்டு நின்னீங்க."

நான் அப்படிப் பேசுகிறவளும் இல்லை, தெருவில் நின்று சிரிக்கிறவளும் இல்லை. ரெஜினாவுக்கு இது எங்கிருந்து வந்தது?

நவம்பர் 7, வியாழன்

மழை விட்டது. மூட்டுவலி விடவில்லை.

பால் அடுப்பிலேயே வற்றிப் பாத்திரம் கருகிவிட்டது. வீடு முழுக்க நாற்றம். ரெஜினாவின் வேலைதான். கேட்டால் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள்.

நேற்றுச் சொன்னதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பொய் சொல்கிறவள் இல்லை. அப்படியானால் இது வேறு. அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. நடக்காததை நடந்ததாகச் சொல்வாள், அடித்துச் சொல்வாள். கடைசியில் என்னைப் பார்த்து "டீச்சர், என் பொண்ணு எப்ப வருவா?" என்று கேட்டாள்.

ரெஜினாவுக்கு என்னை விட்டால் யார்? கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்கும் அவள்தான். ஜெரால்டு துபாயில். போனில் பேசும் பத்து நிமிடம் மட்டும் மகன்.

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். ஞாபக மறதி பார்க்கிற டாக்டர் அடுத்த வியாழன்தான் வருவாராம். ரெஜினா பெயரைக் கொடுத்தேன். அவளிடம் பிரஷர் பார்க்க என்று சொல்லியிருக்கிறேன். "எனக்கு பிரஷரே இல்லையே அண்ணி" என்றாள். இருக்கட்டும், வா என்றேன்.

நவம்பர் 8, வெள்ளி

போட்டோக்கள் வந்தன. ரெஜினா போய் வாங்கி, ஆல்பத்தில் அவளே செருகியும் வைத்துவிட்டாள். கேமராவும் அவளுடையது. நிறைய தலை வெட்டுப்பட்டிருக்கிறது. கோயில் பரவாயில்லை. கோட்டைக்கு ஒரே படம், தூரத்திலிருந்து, பாதியை பஸ் மறைக்கிறது.

"அகழிப் படம் எடுக்கலையா?"

"சரியா விழல அண்ணி."

பிளவுஸ் பட்டன் தைக்க வேண்டும். கேக்குக்குச் சொல்ல வேண்டும். ஜெரால்டுக்கும் ஒரு செட் அனுப்ப வேண்டும், நெகட்டிவை நானே ஸ்டூடியோவில் கொடுப்பேன்.

நவம்பர் 10, ஞாயிறு

கூட்டம் முடிந்தது. கூடத்தில் இடமில்லாமல் வராந்தாவிலும் ஆட்கள். ஜெபமாலை, பாட்டு, பிறகு என் பேச்சு. குறிப்பைக் கையில் எடுக்காமலே பேசினேன். ஆக்டோபஸுக்குக் குழந்தைகள் அலறின. காது வடிவ மாவைச் சொன்னபோது எதிர் வீட்டு ஸ்டெல்லா, "நம்ம லிங்கராஜபுரத்துல வாசல்ல உக்காந்து வத்தல் போடறாங்களே, அப்படியா ஆன்ட்டி?" என்றாள். ஏறக்குறைய, என்றேன்.

கோட்டைக்கு வந்தேன். அகழி, பச்சைத் தண்ணீர், அன்னங்கள். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரெஜினா காபித் தட்டோடு கதவருகில் நின்றாள். எனக்குப் பயம், இவள் எல்லார் முன்னாலும் பூனைக் கதையை எடுத்துத் தன்னையே காட்டிக் கொடுத்துக்கொள்ளப் போகிறாளே என்று. முந்திக்கொண்டேன்.

"ரெஜினாவுக்கு அது ஞாபகம் இல்லை. புல் என்கிறாள்."

சிரித்தார்கள். ஸ்டெல்லா, "ரெஜி ஆன்ட்டி தூங்கிட்டே பாத்திருப்பாங்க" என்றாள்.

ரெஜினாவும் சிரித்தாள். "நீங்க சொன்னா சரிதான் அண்ணி. தண்ணி இருந்துச்சு. நான்தான் மறந்துட்டேன்."

புனிதரின் தீர்த்தம் ஆளுக்கு ஒரு சொட்டு. கேக் மீந்தது.

சரியாகப் பேசினேன் என்று எல்லாரும் சொன்னார்கள். சந்தோஷமாக இருக்க வேண்டும். அவள் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது பிடிக்கவில்லை. வழக்கமாக உப்புக்குக்கூட ஒரு மணி நேரம் வாதாடுகிறவள்.

நவம்பர் 12, செவ்வாய்

வெயில், நல்ல வெயில். நேற்றுக் கொடுத்த நெகட்டிவுக்கு இன்று படம் தயார். ஸ்டூடியோ சலீம் பாய் உறையைப் பிரித்து மேலே இருந்ததை எடுத்துக் காட்டினார்.

"அம்மா, இத ஏன் பெருசு பண்ணக் கூடாது? உங்க மூஞ்சில இப்படி ஒரு சிரிப்ப நான் பாத்ததே இல்லம்மா. ஃபர்ஸ்ட் கிளாஸ்."

கோட்டைச் சுவர். கீழே அகழி. காய்ந்த அகழி, முழுக்கப் புல். புல்லில் பூனைகள், ஒன்று குண்டு. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாய் திறந்து, கண் மூடிச் சிரிக்கிற கிழவி நான். நீலப் புடவை. அன்று அதைத்தான் கட்டியிருந்தேன்.

நான் அங்கே நின்றிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு ஆட்டோ. டிரைவர் கன்னடத்தில் "எல்லி மேடம்?" என்று, எங்கே போக வேண்டும் என்று, மறுபடி மறுபடி கேட்ட பிறகுதான் தெருப் பெயரைச் சொன்னேன்.

படத்தை மேஜையில் வைத்தேன். ரெஜினா பார்த்தாள். உட்கார்ந்தாள்.

"ஆல்பத்தில் ஏன் இது இல்லை?"

"எடுத்து வெச்சுட்டேன் அண்ணி. எத்தன பேர் வருவாங்க. அவங்க முன்னாடி உங்களுக்கு எதுக்கு அவமானம்?"

"பால் பாத்திரம்?"

முந்தானையால் மேஜையைத் துடைத்தாள். நானே யோசித்தேன். வியாழன் காலை அவள் பூசைக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும்தான்.

"எவ்வளவு நாளாக?"

"இத்தாலி போறதுக்கு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சம். ஜெரால்டுகிட்ட சொல்லல. சொன்னா உங்கள எங்கயாவது கொண்டுபோய் விட்டுருவான்னு பயம். வாங்கண்ணி, சாப்பிடலாம், ரசம் ஆறிப் போச்சு."

சாப்பிட்டேன். என்ன செய்வது.

நவம்பர் 13, புதன்

மேகமூட்டம். நான்கு மணிக்கே விழிப்பு.

அன்னம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. நான் படித்த கான்வென்ட்டின் பார்லர், விருந்தினரை உட்காரவைக்கும் அறை. தப்பான பதில் சொன்னால் அங்கே சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். சுவரில் பியானோவுக்கு மேல் ஒரு படம், ஏதோ ஒரு நாட்டுக் கோட்டை, பச்சைத் தண்ணீர், இரண்டு வெள்ளை அன்னங்கள். ஒன்று கழுத்தை வளைத்திருக்கும். சட்டத்தில் இடது மூலையில் ஒரு கீறல். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் பார்த்தது இருக்கிறது, போன மாதம் சிரித்தது இல்லை.

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். நாளை வரும் பேஷண்ட் பெயரை மாற்ற வேண்டும் என்றேன்.

"ஹெசரு ஹேளி மேடம்" என்று பெயர் கேட்டாள் போன் எடுத்த பெண்.

பிலோமினா நிக்கோலாஸ் என்று என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். வயது கேட்டாள். பிறந்த தேதி கேட்டாள். உடனே சொன்னேன், தடுமாறவில்லை.

வைத்த பிறகு சமையலறைக்குப் போய், நான் சொன்ன தேதி சரியா என்று ரெஜினாவிடம் கேட்டேன்.

"சரிதான் அண்ணி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அன்னத்துக்கும் அப்படித்தான் சொன்னாள்.