வடகரையில் துடுப்புப் போட்ட நாள்

மதினி,

லைஃப் ஜாக்கெட்டுகளை அலசி எஸ்டேட் லயத்து வாசல் கொடியில் போட்டிருக்கிறேன். நல்ல தண்ணீரில் எத்தனை முறை முக்கினாலும் உப்பு வாசனை போகமாட்டேன் என்கிறது. கருவாடு காயப்போட்டிருக்கிறாயா என்று பக்கத்து வீட்டு அக்கா மூக்கைச் சுளித்தாள். கடல் என்றேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்ல வந்தேன். போய் வந்துவிட்டோம்.

மார்பில் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து உங்கள் இடது கை வீங்கியிருந்த காலம் அது. கையை மெல்ல அசைக்கலாம் என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அணை ஏரியில் நான் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப்போகும் கயாக்கில், அந்த ஒல்லித் துடுப்புப் படகில், உங்களை ஏற்றினேன். அண்ணனுக்கு ஆத்திரம். "சும்மா உக்காந்திருந்தாலும் வீங்கத்தான செய்யுது?" என்று அவர் வாயை அடைத்தீர்கள். சில வாரங்களில் ஏரியும் உங்களுக்குப் போதவில்லை.

"இது அணை கட்டி நிறுத்துன தண்ணி. யாரும் நிறுத்தாத தண்ணியில ஒரு நாள் போகணும் பிள்ள."

உங்கள் அடுக்களையில்தான் திட்டம் போட்டோம். கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது ராமேஸ்வரம் தீவின் வடகரை மறைவாக இருக்கும், அலை எழும்பாது என்று போனில் பேசிய மீனவர் சொன்னார். ஆனால் காற்று ஏறினால் கரையிலிருந்து கடலுக்குள் தள்ளிவிடும் என்றும் எச்சரித்தார். ஆகவே இடுப்பளவு தண்ணீரைத் தாண்டுவதில்லை, அவருடைய வள்ளம் கூடவே வரும், பனந்தோப்பு முடியும் இடத்தில் திரும்பிவிடுவது என்று முடிவானது. நடுவில் காற்று ஏறினால் என்ன செய்வது என்று கேட்டேன். "எறங்கி இழுத்துக்கிட்டு நடப்போம். நடக்க நமக்கு யாரு சொல்லித் தரணும்?" என்றீர்கள்.

நோய் நுரையீரலில் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் காற்றைப் பற்றித்தான் கேட்டீர்கள். கடைசியில் என் கையைப் பிடித்து, "நான் இல்லன்னாலும் போ. என் பேரச் சொல்லி அங்க முங்கி எந்திரிக்காத. துடுப்புப் போடு" என்றீர்கள்.

உங்கள் காரியத்தன்று இதைச் சொன்னபோது அண்ணன் என்னை முறைத்தார். செத்தவர்களுக்குத் திதி கொடுக்க எல்லோரும் போகிற ஊருக்கு, உனக்கு மட்டும் விளையாடப் போக வேண்டுமா என்று கேட்டார். வந்திருந்த சொந்தங்கள் அவர் பக்கம்தான்.

"திதி குடுங்கண்ணே, நான் தடுக்கல. மதினி கேட்டத நான் செய்யணும்" என்றேன்.

அதற்குப்பின் அவர் என்னோடு பேசவில்லை. கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கும் உங்கள் மகள் லீவு போட்டு வந்தாள். கயாக்கில் உங்களுக்கென்று இருந்த முன் சீட்டில் தான் உட்காருவதாகச் சொல்லிவிட்டாள். மகளை என்னோடு மட்டும் அனுப்ப மனமில்லாமல் அண்ணனே ஜீப்பை எடுத்தார். போடிமெட்டு இறங்கி, மதுரை தாண்டி, இரவில் ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தோம்.

விடிந்ததும் ஜீப் மேல் கட்டியிருந்த கயாக்கைத் தண்ணீரில் இறக்கினோம். அடியில் கடற்பாசி அசைவது தெரிந்தது. பனந்தோப்பு முடிந்ததும், இன்னும் கொஞ்சம் போகலாம் அத்தை என்றாள் மகள். எனக்கும் ஆசைதான். ஆனால் காற்று ஏறி, தண்ணீரில் சுருக்கம் விழ ஆரம்பித்திருந்தது. திருப்பினேன். காற்று முகத்தில் அறைந்தது. எவ்வளவு துடுப்பு வலித்தும் கயாக் நகரவில்லை. வள்ளத்தில் கட்டி இழுக்கட்டுமா என்று மீனவர் கேட்டார். வேண்டாம் என்று இருவருமே சொன்னோம். நீங்கள் சொன்னபடியே இறங்கி, பாசியில் வழுக்கி வழுக்கி இழுத்தோம். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அப்போதுதான் கரையைப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணன் எங்களுக்கு இணையாகவே நடந்து வந்துகொண்டிருந்தார். சட்டென்று தண்ணீரில் இறங்கிவந்து கயிற்றைப் பிடித்தார். "இதப் பாக்காமப் போயிட்டாளே" என்றார். மறுநாள் அவர் திதி கொடுத்தார். நான் முங்கவில்லை; கரையில் நின்றேன்.

திரும்பியதும் ஏரி ஆபீசுக்குப் போனேன். ஞாயிறு காலையில் சுற்றுலாக்காரர்கள் வருவதற்குமுன் எஸ்டேட் பெண்களைக் கயாக்கில் கூட்டிப்போகப் போகிறேன் என்றேன். ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்றார் மேலாளர். நான்தான் என்றேன். முன்பென்றால் தலையைக் குனிந்துகொண்டு வந்திருப்பேன். இந்த வாய் உங்களிடமிருந்து வந்தது. இதை இனி யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. அரை மனதோடு சம்மதித்தவர், கரையோரமாகவே போகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

முதல் ஞாயிறு உங்களோடு தேயிலை பாக்டரியில் வேலை பார்த்தவர்கள்தான் வந்தார்கள். எதிர்க்கரைக்குப் போய்ப் பால் விடாத கட்டஞ்சாயா குடித்துவிட்டு வந்தோம். அதுவும் கரைதானே, மதினி.