கழற்றாத பல்ப்

துனிசியாவின் ஜெர்பா தீவில் என் மனைவியும் வீட்டு அதிகாரியுமான கஸாலாவுக்கு, ஜெருசலேமிலிருந்து பின்ஹாஸ். நான் நலம். உன் முழங்கால் எப்படி?

என் அறைத்தோழன் சியோனோடு மல்லுக்கட்ட முடியவில்லை. போன வெள்ளி மாலை ஓய்வுநாள் பிறந்துவிட்டது. மீனும் கறியும் ஃபிரிட்ஜுக்குள். கதவைத் திறந்தால் உள்ளே பல்ப் எரியும், ஓய்வுநாளில் விளக்கேற்றிய பாவம் வரும்; பிறந்தபின் பல்பைக் கழற்றவும் கூடாது.

"ஏன்டா, பல்பைக் கழட்டலையா?"

"நீங்க கழட்டுவீங்கன்னு இருந்தேன் அண்ணே!"

"நான் என்னைக்குடா கழட்டியிருக்கேன்?"

சனிக்கிழமை மாலை நட்சத்திரம் தெரிந்து ஓய்வுநாள் முடியும்வரை வெறும் ரொட்டியும் ஒயினும்தான். அதற்கும் அந்தத் தடியன் ஓய்வுநாளை ராணியாக வரவேற்கும் பாட்டைப் பாடுகிறான். "ஓய்வுநாள் ராணி வந்திருக்கா, மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்கண்ணே!" எரிச்சலோடு நானும் பாடினேன்.

பாதிப் பாட்டில்தான் உறைத்தது, இருபது வருஷமாக நம் வீட்டில் பல்பைக் கழற்றியது நீ. ஒரு வார்த்தை சொன்னதுண்டா? வெள்ளிக்கிழமைகளில் இன்னும் என்னென்ன செய்தாய் என்று ஒன்றுவிடாமல் எழுது. வேலைக்கு நேரமாகிவிட்டது, பேக்கரியில் கூப்பிடுகிறார்கள்.

பின்ஹாஸ்