கருமலைக்காரன் மிதித்த அரிசி

ரங்கூன், போட்டாதாங்
அட்சய வருஷம் மாசி 9

அம்மாவுக்கு இராமையா காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

துறைமுகத்தில் அரிசி மூட்டை ஏற்றும் இருபது பேருக்கு இப்போது நான்தான் மேஸ்திரி. போன வாரம் கப்பல் தளத்தில் ஒரு மூட்டை கிழிந்து கொட்டியது. வெள்ளைக்கார மாலுமி ஒருவன் பூட்ஸ் காலோடு அரிசியை மிதித்தான். "அடேய், காலை எடு!" என்று கத்திவிட்டேன். பயப்படாதே, வேலை போகவில்லை. அவன் சட்டென்று விலகி, குனிந்து ஒரு பிடி அள்ளி முத்தமிட்டான். அவன் ஊரில் ரொட்டி கீழே விழுந்தால் அப்படித்தான் செய்வார்களாம்.

அவன் நாட்டுப் பெயருக்குக் கருமலை என்று அர்த்தமாம். அரைகுறை இங்கிலீஷில் சொல்லி, அரிசியைக் குவித்தே காட்டினான். கடலோரத்திலிருந்தே செங்குத்தாக மலை. நடுவில் உள்ளங்கையளவு மண், அதுவும் சரியாமல் இருக்கச் சுற்றிக் கல்சுவர். சில வருஷம் முன்பு அந்த நாட்டைப் பக்கத்து நாடுகளோடு சேர்த்துவிட்டார்களாம். இருந்தும் "என் நாடு" என்று நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்கிறான்.

"உன் ஊர்?" என்றான். குவியலைக் கையால் பரப்பி, "இப்படித்தான், வானம் வரைக்கும் வயல்" என்றேன்.

"மலையே இல்லையே, யாராவது வந்தால் எங்கே ஒளிவீர்கள்?" என்று கேட்டான்.

"ஒளியமாட்டோம். சோறு போடுவோம்" என்றேன். அம்மா, அப்போது நான் ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டேன்.

அடுத்த நடை வரும்போது சாப்பிட வருகிறானாம். யாராவது இங்கே வந்தால் குழம்புப் பொடி கொடுத்தனுப்பு, இரண்டு பேருக்கு ஆகும்படி. தபால் கப்பலுக்கு நேரமாகிவிட்டது. இந்த நாலு வருஷத்தில் நான் யாருக்கும் இலை போட்டதில்லை, அம்மா.

உன் மகன்
இராமையா