ஆற்றில் கரைக்காத சாம்பல்

மதினி,

இன்று காலை உங்கள் மகள் செல்வி ஒரு பொட்டலம் கருவாடு கொண்டுவந்து கொடுத்தாள். திருகோணமலைக்குப் போய்வந்த யாரோ கொடுத்தார்களாம். சட்டியில் போட்டதுதான் தாமதம், வாசம் லயத்து வீட்டு வரிசை முழுக்கப் பரவிவிட்டது. "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டேன். அந்த வாசத்தோடு அந்தக் கடற்கரையும், ஈர மணலில் நீங்கள் குந்தியிருந்த அந்தக் காலையும் வந்துவிட்டன.

கோணேசரைக் கும்பிட்டுவிட்டுக் கடலையும் பார்த்து வரலாம் என்று லயத்துச் சனமெல்லாம் வான் வண்டி பிடித்துப் போயிருந்தோம். கோயிலிலிருந்து இறங்கிக் கரைக்கு வந்தபோது ஓரிடத்தில் கூட்டம் நின்றது. பெரிய டொல்பின் ஒன்றும் அதன் குட்டியும் செத்துக் கரை ஒதுங்கியிருந்தன. ஏதோ அலுவலகத்திலிருந்து வந்த இளம்பெண் ஒருத்தி, கையுறை போட்டுக்கொண்டு நாடாவால் அளந்துகொண்டிருந்தாள்.

"எம்மாம் பெரிய மீனு!" என்றீர்கள்.

"இது மீன் இல்லையம்மா. எங்களைப்போலக் குட்டி போட்டுப் பால் குடுக்கிறது" என்றாள் அவள், நிமிராமலே.

"பாலா? கடலுக்குள்ளயா? தண்ணி கலந்துறாதா?"

உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், சும்மா இருப்பாரா? "கலந்தாலும் நம்ம பால்காரரு கலக்குறத விடக் கொறச்சலாத்தான் இருக்கும்க்கா" என்றார். கூட்டம் சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் நம்மோடு நின்று பேசத் தொடங்கினாள்.

அவள் சொன்னது எனக்கு உடனே விளங்கியது. நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். பேப்பரையும் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தையும் பார்த்துப் பார்த்துப் படித்துக்கொண்டவள். ஆனாலும் தினமும் வீட்டுக் கணக்கு எழுதுகிற கைக்கு அது பழகின சங்கதியாகவே இருந்தது. பயிருக்கு அடித்த பழைய மருந்துகளிலும் தொழிற்சாலைக் கழிவுகளிலும் சில, தண்ணீரில் கரையாமல் உடம்புக் கொழுப்பில் போய்த் தங்கிவிடுமாம். பாசியில் அந்த விஷம் துளி. பாசியைத் தின்ற சின்ன மீனில் அதைவிடக் கொஞ்சம் கூட. சின்ன மீன்களைத் தின்ற பெரிய மீனில் இன்னும் கூட. அவற்றையெல்லாம் தின்று வளர்ந்த டொல்பினில் மொத்தமும். ஒரு பக்கத்து மிச்சத்தை அடுத்த பக்கத்தின் தலையில் ஏற்றி எழுதுவோமே, அப்படி. இந்தக் கணக்கில் வரவு மட்டும்தான், செலவு கிடையாது.

"ஆண் டொல்பின் சாகும்வரைக்கும் சுமக்கும். பெட்டைக்கு மட்டும் அதை இறக்க ஒரு வழி இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் நாடாவைச் சுருட்டினாள். "பால். கொழுப்புக் கூடின பால். தலைக்குட்டிக்குத்தான் கூடுதலாப் போய்ச் சேரும்."

"தலைச்சன் புள்ளைக்கா?" என்று கேட்டீர்கள்.

"ஓம் அம்மா. ஆனா இந்தக் குட்டி அதாலதான் செத்ததெண்டு சொல்லேலாது. சோதிச்சுப் பாக்கோணும்." பிறகு ஊர் எதுவென்று கேட்டாள். நானுஓயாப் பக்கம் என்றேன். "அப்ப உங்கட ஆத்துத் தண்ணியும் மகாவலியோட சேர்ந்து இந்தக் கடலிலதானே வந்து விழுது" என்றாள். குறை சொல்லவில்லை. தெரியாத ஊரில் ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்தவள் மாதிரித்தான் சொன்னாள்.

நீங்கள் உங்கள் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு அந்தத் தாய்க்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தீர்கள். "பாவம், அதுக்கென்ன தெரியும்? புள்ள பசிச்சு வந்துச்சு, குடுத்துருச்சு" என்றீர்கள். வண்டியில் திரும்பி வரும்போது எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். நீங்கள் சன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்தபடி வந்தீர்கள். கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

லயத்துக்குக் கீழே ஆற்றோரத்து மரக்கறித் தோட்டம் உங்கள் கைப்பாடு. லீக்ஸ், கரட், முட்டைக்கோவா. மருந்து டேங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு பாத்தி பாத்தியாக அடித்துவிட்டு, டேங்கியை அந்த ஆற்றிலேயே முக்கிக் கழுவுவீர்கள். நீங்கள் மட்டுமா, அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். "ஆத்துல விட்டா போச்சு" என்பீர்கள். திருவிழா முடிந்தால் கரகமும் முளைப்பாரியும் அந்த ஆற்றில்தான். செத்தவர்களின் சாம்பலும் அந்த ஆற்றில்தான். எல்லாவற்றையும் அது சுமந்து போய்விடும் என்று நம்பினோம். சுமந்து போய் எங்கே இறக்கி வைக்கிறது என்று நாம் ஒருவரும் கேட்டதில்லை.

கடற்கரைக்குப் போய்வந்து சில வாரங்கள் கழித்து, என் வீட்டு வாசலில் லீக்ஸைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் வாயைத் திறந்தீர்கள். செல்விக்கு முன்னால் உங்களுக்கு ஒரு பெண் பிறந்து, தவழும் முன்னே காய்ச்சலில் போனது. நான் வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முந்தின கதை அது. அதுவரை அந்தக் குழந்தையைப் பற்றி நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"மருந்தடிச்சிட்டு அப்படியே ஓடியாருவேன் புள்ள. அழுற சத்தம் தோட்டம் வரைக்கும் கேக்கும். கைய மட்டும் ஆத்துல அலசிக்குவேன். மாருல வைச்சா மொதல்ல மொகத்தத் திருப்பிக்கும். பொறவு பசியில குடிச்சிரும்." கையிலிருந்த கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டீர்கள். "மருந்து வாசத்த அது கண்டுபுடிச்சிருக்கு. நாந்தான் கண்டுக்கல."

"மதினி, அந்த டொல்பினுக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களே, தெரியாமக் குடுத்துச்சுன்னு. அதையே ஒங்களுக்கும் சொல்லிக்கங்க" என்றேன்.

"டொல்பினுக்கு வாசம் தெரிஞ்சிருக்காது. எனக்குத் தெரிஞ்சுச்சு."

அடுத்த கிளினிக் நாளில் மிட்வைஃப் அம்மாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "புள்ள எதனால போச்சுன்னு இத்தனை காலத்துக்குப் பொறகு யாராலயும் சொல்ல முடியாதும்மா. ஆனா தாய்ப்பாலாலதான் போச்சுன்னு சொல்றதுக்கும் ஒரு ஆதாரமும் இல்ல. அப்படி நெனைக்க விடாதீங்க" என்றார். ஓடிவந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் அதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். "பாத்தியா? சொல்ல முடியாதுன்னுதான் அவங்களும் சொல்றாங்க."

அன்றிலிருந்து உங்களுக்காக மாரியம்மனுக்கு வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தேன். என்ன கேட்டு வைப்பதென்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டால் நீங்கள் தப்புச் செய்ததாக ஆகிவிடும். ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டு வருவேன்.

செல்வி பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த அன்று, ஒருவரிடமும் சொல்லாமல் டவுனுக்குப் போய்க் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பால்மாவு டின் ஒன்று வாங்கி வந்திருந்தீர்கள். மறுநாள் வந்த மிட்வைஃப் அம்மா அந்த டின்னைத் தூக்கிப் பார்த்தார்.

"இது யாரு வேலை?"

"நாந்தான்" என்றீர்கள்.

"புள்ளைக்கா, டீ ஊத்தவா? டீக்குன்னா நல்லதுதான், எனக்கும் ஒரு கோப்பை ஊத்துங்க." சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவர் விடவில்லை. செல்வியை நிமிர்ந்து உட்காரவைத்துக் குழந்தையை மார்பில் பொருத்தினார். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டீர்கள். குழந்தை மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் அந்தச் சின்னக் காம்பிரா அறையில் நன்றாகவே கேட்டது. குடித்து முடித்ததும் எழுந்து வந்து பேத்தியை வாங்கி, அதன் வாயருகே மூக்கை வைத்து முகர்ந்தீர்கள்.

"பால் வாசந்தான் புள்ள. வேற ஒன்னும் இல்ல."

அத்தோடு உங்கள் பாரம் இறங்கிவிட்டது என்று நம்பினேன் மதினி. டேங்கியைக் கூரையிடுக்கில் சொருகிவிட்டீர்கள். மருந்தில்லாமல் போட்ட கோவாவைப் பூச்சி அரித்தபோதும் "அதுவும் திங்கட்டும்" என்று சிரித்தீர்கள். உங்கள் தம்பி கூட, "அக்கா பூச்சிக்குச் சோறு போடுது" என்று கேலி செய்வார்.

பாரம் இறங்கவில்லை என்பது நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கையைப் பிடித்து என்னைப் பக்கத்தில் இழுத்தீர்கள்.

"என்ன எரிச்சா, சாம்பல ஆத்துல கரைச்சுறாதீங்க."

"ஏன் மதினி இப்படிப் பேசுறீங்க?"

"எனக்குள்ள இருக்கறது கடல் வரைக்கும் போவும். அங்க எவ வயித்துல குட்டி இருக்கோ." மூச்சு வந்தபிறகு மீண்டும் சொன்னீர்கள். "அம்மன் மேல சத்தியம் பண்ணு."

செய்து கொடுத்தேன். அந்த நேரத்தில் அதைவிட வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

காரியத்தன்று உங்கள் தம்பி சாம்பல் கலயத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பிவிட்டார். வழியை மறித்து விஷயத்தைச் சொன்னேன். "ஒனக்குப் பைத்தியமா? அம்மா அப்பாவயெல்லாம் அங்கதான் விட்டோம். எங்கக்காவ மட்டும் மண்ணுல போட்டுட்டு வாறதா?" என்று கத்தினார். கத்திவிட்டு, கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து அழுதார். மண்ணில் வைக்க எனக்கும் மனம் இல்லை. சாம்பல் தண்ணீரில் சேர்ந்தால்தான் போகிற உயிருக்கு வழி திறக்கும் என்று நம்புகிறவள் நான். ஆற்றில் விட்டால் உங்களுக்குக் கொடுத்த வாக்குப் போகும். விடாவிட்டால், உங்கள் உடம்பை விஷமென்று நீங்கள் நினைத்ததை நாங்களும் ஒப்புக்கொண்டதாக ஆகும்.

அப்போது செல்வி, குழந்தையை இடுப்பில் வைத்தபடி, எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"எங்கம்மா விஷமா அத்தை?"

"இல்லடி" என்றேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, வாய் தானாகப் பேசியது. "விஷமா இருந்தா இன்னொருத்தி புள்ளைய நெனைச்சிருப்பாளா? எங்கயோ கடலுக்குள்ள இருக்கற, மொகம் தெரியாத புள்ளைக்குக்கூட ஒன்னும் ஆகக்கூடாதுன்னு நெனைச்சா பாரு, அதுதான்டி ஒங்கம்மா. தன் புள்ளைக்குத் தெரிஞ்சு ஒரு கெடுதல் செஞ்சிருக்க மாட்டா."

உங்கள் தம்பி எழுந்தார். கலயத்தோடு மேல்மலை மயானத்துக்கு நடந்தார். மண்ணைத் தோண்டி உங்களை அங்கே வைத்தோம்.

வாக்கைக் காப்பாற்றினேன் மதினி. அதில் எனக்கு நிம்மதி இல்லை. அன்று செல்விக்குச் சொன்ன அந்தப் பதிலை லீக்ஸ் கட்டிய அந்த வாசலில் உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். படுக்கையில் என் கையைப் பிடித்திருந்தபோதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போதெல்லாம் அது என்னிடம் இருக்கவில்லை. நீங்கள் போன பிறகுதான், உங்கள் மகள் கேட்ட பிறகுதான் வந்தது.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் விளக்கை ஏற்றிவிட்டுச் சும்மா திரும்பி வருவதில்லை. சொல்ல என்னிடம் ஒன்று இருக்கிறது. அம்மனிடம் எதையும் கேட்காமல் அதை உங்களிடம் சொல்கிறேன், சத்தமாக, உங்கள் காதில் விழுகிறதோ இல்லையோ. நீங்கள் தெரிந்து கொடுக்கவில்லை மதினி. புள்ள பசிச்சு வந்துச்சு, குடுத்தீங்க.