பத்து லட்சத்து எண்பத்தொன்று

என் செல்லத் தம்பி முத்து,

கீரனூரில் காலை நேரத்துத் திருச்சி பஸ்ஸில் இப்போதும் முண்டியடித்துத்தான் ஏற வேண்டியிருக்கிறது. ஆபீசுக்கு நான் அதில்தான் போகிறேன். நாம் காலேஜுக்குப் போன காலத்தில் இருவருக்கும் சேர்த்து ஒரு சீட் கிடைத்தாலே பெரிய விஷயம். அதற்கு நீ ஒரு சட்டம் போட்டாயே, ஞாபகம் இருக்கிறதா?

"அக்கா, டிக்கெட்டு நம்பர் பகா எண்ணா இருந்தா நீ ஒக்காரு. இல்லைன்னா நான். சரிதானே?"

கணக்கு படிக்கிற நானும் மண்டையை ஆட்டினேன். இரட்டை எண் வந்தால் போச்சு. ஐந்தில் முடிந்தாலும், மூன்றால் வகுபட்டாலும் போச்சு. காலேஜ் முடியும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். ஜன்னலோரம் நீ வாயைப் பிளந்து தூங்கினாய். ஏமாந்தது புரிந்த பிறகும் நான் ஏன் சட்டத்தை மாற்றச் சொல்லவில்லை?

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசிய அன்றும் உனக்கு அதே விளையாட்டு. "பத்து லட்சத்து எம்பத்தொண்ணு. பகா எண்ணா, சொல்லு பாப்போம்."

"ஆயிரத்தோட வர்க்கமும் ஒம்பதோட வர்க்கமும் கூட்டுனா வருது. கண்டிப்பா ரெண்டு எண்ணோட பெருக்கலா ஒடையும்டா" என்றேன். வர்க்கங்களைக் கழித்தால்தான் அப்படி உடையும். கூட்டினால் உடைந்தே தீர வேண்டும் என்றில்லை. அவசரக்குடுக்கை நான்.

நீ சிரித்தாய். "நல்லா போட்டுப் பாத்துட்டு வாக்கா. அவசரமில்ல."

போட்டுப் பார்ப்பதற்குள் போய்விட்டாய்.

ஃபோனில் தட்டினால் உடனே விடை வந்துவிடும். மனசு வரவில்லை. வந்துவிட்டால் அப்புறம் உன்னோடு பேச எனக்கு என்ன இருக்கிறது? அதனால் பஸ்ஸில் நின்றபடியே மனக்கணக்காக வகுத்தேன். ஆயிரத்துக்குள் உள்ள பகா எண்கள் போதும். அதிலும், இது வர்க்கங்களின் கூட்டல் என்பதால், நான்கால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிறவை மட்டும். ஆற அமரச் செய்தேன். கணக்கு முடியும்வரை சீட் கிடைத்தாலும் உட்காருவதில்லை என்று ஒரு வீம்பு வேறு. சட்டம் சட்டம்தானே.

போன வாரம் கடைசி எண், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. தொண்ணூறு மிஞ்சியது.

பகா எண்தான், முத்து. இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக அதை ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். ஆயிரத்துக்கும் ஒன்பதுக்கும் பதிலாக வேறு ஜோடி கிடையாது. நீ இருந்தால் என் உடம்பைப் பார்த்து, "ஆயிரம் நீதான்க்கா" என்றிருப்பாய்.

தெரிந்தேதான் அந்த எண்ணைக் கொடுத்தாய், இல்லையா? கடைசியில் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டேன்.

ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா பதறி எழுந்தார். "ஏம்மா, ஒடம்பு முடியலையா? இங்கிட்டு வந்து ஒக்காருங்க."

உட்கார்ந்தேன்டா. காற்று நன்றாக வருகிறது அங்கே. நீ தூங்கியதில் தப்பே இல்லை.

இனி சீட் கிடைத்தால் உட்கார்ந்தே போவேன். சத்தியமாக.

உன் பக்கத்தில் நின்றுகொண்டே வந்த
உன் அக்கா