அண்ணை கொண்டுவந்த ஆறு போத்தல்கள்

2023 யூலை 4, செவ்வாய்

இன்று பதினொரு தட்டு நண்டுச் சதையைத் திருப்பி அனுப்பினேன். மேற்பார்வையாளர் பார்த்தீபன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். "அக்கா, ஐஸ் போட்டுத்தானே வந்தது. எனக்கு ஒரு மணமும் தெரியேல்லை" என்றார். அவருக்குத் தெரியாதுதான். அதற்காகத்தானே கொம்பனி பதினாறு வருடமாக என்னை வைத்திருக்கிறது. சதை கெடப்போகிறது என்றால் நாற்றத்துக்கு முன்னால் மெல்லிய ஓர் இனிப்பு வரும். அந்த இனிப்பிலேயே பிடித்துவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜெறோம் அண்ணை பெல்ஜியத்தில் இருந்து வருகிறார். ஏழு வருடத்துக்குப் பிறகு. என் மனுசன் வின்சன்ற் கடல்தொழிலுக்குப் போகாமல் நின்று முன்னறைக்கு வெள்ளை அடிக்கிறார். எனக்குச் சந்தோசமா? தெரியவில்லை. அம்மாவின் அடக்கத்தைப் போனில் காட்டியபோது முகத்தைக்கூடக் காட்டாத மனிதர். கமராவை நிப்பாட்டிவிட்டு "சரி, சரி" என்றார். அவ்வளவுதான்.

யூலை 7

வந்துவிட்டார். மெலிந்திருக்கிறார். தலை முழுக்க நரை. பெட்டியைத் திறந்தால் உடுப்பு பாதி, மற்றப் பாதி தடித்த காலுறைகளுக்குள் சுற்றிய ஆறு பியர் போத்தல்கள். வின்சன்றின் கண் விரிந்தது.

"அதிலை கை வைக்காதை மச்சான். அது வேலைச் சாமான்."

இரவு கணவாய்க் கறி வைத்தேன். தேசிக்காய் மூன்றைப் பிழிந்து, பச்சை மிளகாயையும் கடித்துக்கொண்டு சாப்பிட்டார். கறி நல்லதா கூடாதா என்று ஒரு சொல் சொல்லவில்லை.

யூலை 8

இன்றுதான் போத்தல்களின் கதை தெரிந்தது. அண்ணை வேலை செய்வது துறவிகளின் மடம் ஒன்றோடு சேர்ந்த பியர் ஆலையில். இந்தப் பியருக்கு டுபெல் என்று பெயர். இரட்டை என்று அர்த்தமாம். கறுத்த சீனிப்பாகு சேர்த்துக் காய்ச்சி, போத்தலுக்குள்ளேயே இன்னொருதரம் நொதிக்க விடுவார்களாம். இனிமேல் சூடான நாடுகளுக்கும் அனுப்ப யோசிக்கிறார்கள். வெயில் பட்டால் ருசி எப்படி மாறும் என்று பார்த்து எழுத வேண்டும். அண்ணை ஊருக்குப் போகிறார் என்றதும் அவரிடமே கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு போத்தல் குளிர்ப்பெட்டியில். இரண்டு அறையில் கட்டிலுக்குக் கீழே. இரண்டு வலைக்கொட்டிலில், தகரக் கூரைக்குக் கீழே. மூன்று கிழமை.

"ருசி பார்க்கிற மேசையிலை நாங்கள் எட்டுப் பேர். ஒவ்வொரு வியாழனும். நான் சொல்லுறதை அங்கை எழுதி வைக்கினம், ஜெயனி" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் கதிரையில் நிமிர்ந்து இருந்தார்.

யூலை 16

பூசைக்குப் போகும்போது அண்ணை அள்ளிப் பூசியிருந்த சென்ற் வாசத்துக்கு முன்வாங்கில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். வின்சன்ற் இருமி இருமிச் சிரித்தார்.

யூலை 25

யாகப்பர் திருவிழா. கூட்டம். அண்ணை பின்னேரம் தனியாக அம்மாவின் கல்லறைக்குப் போனார். "நீயும் வாறியோ" என்று கேட்டார். எனக்கு வேலை கிடக்கு என்றேன். ஒரு வேலையும் இருக்கவில்லை.

யூலை 29, சனி

நடந்ததை முதலில் இருந்து ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் சமைக்க வேண்டாம், வாசம் கலந்துவிடும் என்றார். மூன்று இடத்திலும் ஒவ்வொரு போத்தல் எடுத்து வந்து மேசையில் வைத்தார். கொண்டுவந்திருந்த கண்ணாடிக் கிண்ணத்தைத் துடைத்தார். நீண்ட கால், அகன்ற வாய், பூசையில் சுவாமியார் உயர்த்துகிற கிண்ணம் மாதிரியே. எனக்குப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

குளிர்ப்பெட்டிப் போத்தலை முதலில் ஊற்றினார். கண்ணை மூடினார். மணந்தார். ஒரு வாய் குடித்தார். சொல்லிக்கொண்டே கொப்பியில் எழுதினார்: "பேரீச்சம்பழம். முந்திரிகை வற்றல். கராம்பு. கருக்கின சீனி." நான் நாலடி தள்ளிக் குசினி வாசலில் நின்றேன். அவ்வளவும் சரி. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்த வாழைப்பழத்தை ஏன் விட்டுவிட்டார்?

அறைப் போத்தல். அதே நாலு சொல்.

மூன்றாவதைத் திறந்தார், தகரத்துக்குக் கீழே இருந்தது. மூடி கழன்றதும் என் மூக்கில் நனைந்த அட்டைப்பெட்டி மணம் வந்து அடித்தது. மழையில் நனைந்த மீன்பெட்டி மட்டை, அதே மணம். அண்ணை கண்ணை மூடிக் கிண்ணத்தைச் சுழற்றினார். "பேரீச்சம்பழம். முந்திரிகை வற்றல். கராம்பு…"

"அண்ணை, உது பழுதாப் போச்சு."

"இல்லை. நல்லாக் கிடக்கு."

என்ன நினைத்துச் செய்தேனோ தெரியாது. "கண்ணைத் திறக்காதையுங்கோ" என்று சொல்லிவிட்டு, டின்னில் இருந்த கட்டாக் கருவாட்டில் ஒரு துண்டை எடுத்து வந்து அவருடைய மூக்குக்குக் கீழே பிடித்தேன். குருநகரில் பிறந்து கருவாட்டுக்குள்ளே வளர்ந்த மனிதர்.

"என்ன இது, சொல்லுங்கோ?"

நன்றாக இழுத்து மணந்தார். யோசித்தார்.

"கராம்பு?" என்றார்.

நான் கருவாட்டைச் சீலைத் தலைப்புக்குள் மறைத்தேன். ஆனால் அவர் கண்ணைத் திறந்துவிட்டார்.

யூலை 30

பூசை முடிந்து வந்து, கிணற்றடியில் வைத்துக் கேட்டேன். எப்ப இருந்து?

"அம்மா செத்த கிழமையிலை இருந்து."

அண்ணைக்குக் கொரோனா. ஆஸ்பத்திரியில் ஒக்சிசன் குழாயோடு கிடந்திருக்கிறார். எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் கமராவை நிப்பாட்டியது. அதனால்தான் "சரி, சரி." அதற்கு மேல் மூச்சு வரவில்லையாம்.

"உங்கை ஒரு செத்தவீடு நடக்கேக்கை, இன்னொண்டு வரப்போகுது எண்டு உங்களுக்குக் காட்டுறதோ?"

நான் என்ன செய்தேன்? இரண்டரை வருடமாக இந்த மனிதரோடு ஏனோ தானோ என்று கதைத்தேன். போன் அடித்தால் அடுப்பில் வேலை என்பேன். ஐயோ கடவுளே, அந்தாள் அங்கை செத்துப் பிழைச்சுக் கிடந்திருக்கு, நான் இஞ்சை கோவத்தைப் பொத்தி வளர்த்துக்கொண்டு இருந்திருக்கிறன்.

காய்ச்சல் போய்விட்டது, மணம் திரும்பவில்லை. நாக்கில் உப்பும் புளியும் இனிப்பும் கைப்பும் மட்டும் தெரியுமாம். மற்றதெல்லாம் ஞாபகத்தில் இருந்து எடுத்துச் சொல்வாராம். வியாழக்கிழமை மேசையில் மற்றவர்களை முதலில் கதைக்க விட்டு, அவர்களின் முகத்தைப் பார்த்துத் தானும் சொல்வாராம்.

"ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"பதினைஞ்சு வரியம் அங்கை பெட்டி தூக்கினன் ஜெயனி. தூக்கு, வை, கழுவு. வேறை ஒண்டும் ஆரும் என்னட்டைச் சொன்னதில்லை. அந்த மேசையிலைதான் முதல்முதலா 'நீ என்ன நினைக்கிறாய்' எண்டு கேட்டவை."

பிறகு, வாளியைப் பார்த்துக்கொண்டு கேட்டார். மிச்சம் மூன்று போத்தல் இருக்கிறது, நீ மணந்து சொல்லு, நான் எழுதி அனுப்புகிறேன் என்று.

ஓம் என்று சொல்லிவிட்டேன். எப்படி மாட்டன் என்பது?

யூலை 31

வேலைக்குப் போகவில்லை. வாழ்க்கையில் முதன்முதலாகப் பியர் குடித்தேன். வின்சன்ற் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்து வேடிக்கை பார்த்தார். "கலியாணம் கட்டி இருபது வரியம். இப்பதான் இந்த வீட்டிலை எனக்கொரு கூட்டு" என்றார்.

அண்ணைக்குச் சொன்னதை எனக்காக இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

குளிர்ப்பெட்டிப் போத்தல்: அடியில் தங்கிய மண்டி கலங்காமல் மெதுவாக ஊற்ற வேண்டும். நிறம், பனங்கட்டி கரைத்த தண்ணி. யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தால் ஓரம் மாதுளைச் சிவப்பு. நுரை தடிப்பு, வெள்ளை அல்ல, பால் கூடின தேத்தண்ணி நிறம். மணந்தால் முதலில் நீர்வேலிச் சந்தியில் தொங்கும் குலையில், தோல் கறுத்துப்போன கப்பல் வாழைப்பழம். அதற்குப் பின்னால் பாண் சுடுகிற போறணையைத் திறந்த சூடு. அதற்கும் பின்னால் நத்தார் ரிச் கேக்குக்கு ஊறவைத்த வற்றலும் கராம்பும். வாயில் வைத்தால் இனிக்கப் போகிறது என்று நாக்கு காத்திருக்கிறது. இனிப்பு வருகிறது, ஆனால் தங்கவில்லை. விழுங்கினால் தோடம்பழத் தோலைக் கடித்த அளவுக்கு ஒரு கைப்பு. பிறகு நெஞ்சுக்குள்ளே சூடு, காதுவரைக்கும்.

அறைப் போத்தல்: வாழைப்பழம் பாதியாகிவிட்டது. வற்றல் முன்னுக்கு வந்துவிட்டது. கொஞ்சம் பூசை வைன். கெடவில்லை, வயது போயிருக்கிறது. எனக்கு இதுதான் பிடித்தது.

தகரப் போத்தல்: நனைந்த மட்டை. மட்டைக்குப் பின்னால் புளிக்கப்போகிற தேன். நுரை எழும்பிய உடனேயே விழுந்துவிட்டது. வாயில் ஒரு பழைய சில்லறைக் காசு. இதை நான் என்றால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அண்ணை முதலில் எழுதவேயில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "கறுத்த தோல் எண்டால், புள்ளி விழுந்த கறுப்போ, முழுக் கறுப்போ?" என்று கேட்டார். புள்ளி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த கறுப்பு என்றேன். "ஓம்… ஓம்" என்று தலையை ஆட்டினார். இன்னொருக்காச் சொல்லு என்றார். மூன்று தரம் சொன்னேன். பிறகுதான் கொப்பியை எடுத்து எழுதி அனுப்பினார்.

மிச்சத்தை எல்லாம் ஒன்றாக ஊற்றி வின்சன்ற் குடித்தார். மூன்றும் நல்லாத்தான் கிடக்கு, உங்களுக்கு என்ன பிரச்சினை என்று கேட்டார்.

ஓகஸ்ட் 4

மறுமொழி வந்துவிட்டது. அந்த மேசைக்குப் பொறுப்பான பெண், லீவ் என்று பெயர், எழுதியிருக்கிறா. அண்ணை வாசித்துத் தமிழில் சொன்னார். இத்தனை வருடத்தில் நீ எழுதியதிலே ஆகச் சிறந்தது இதுதான். தகரப் போத்தலைப் பற்றி எழுதியதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். புதிதாக வருகிறவர்களுக்கு இனி நீதான் பழக்க வேண்டும் என்று.

எனக்கு ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது. பொய் எழுதக் கூடாது, இருந்தது. நான் மணந்ததை எங்கேயோ ஒரு நாட்டில் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

அண்ணை போனைக் கவிழ்த்து வைத்தார். மத்தியானம் சாப்பிடவில்லை.

ஓகஸ்ட் 5

சண்டை. நான்தான் தொடங்கினேன்.

"போய் உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை. நான் ஓம் எண்டது பிழை. இனி நான் செய்ய மாட்டன்."

"உனக்கென்ன, லேசாச் சொல்லிப்போட்டாய். அந்தக் கதிரையும் போனால் எனக்கு அங்கை ஆர் இருக்கினம்? வீட்டை போனால் சுவர்தான்."

"நாங்கள் இருக்கிறம்தானே."

"நீயோ? அம்மா செத்த பிறகு என்னோடை ஒரு நாளாவது ஒழுங்காக் கதைச்சனியே?"

வின்சன்ற் எழும்பி வெளியே போய்விட்டார். மன்னிச்சுக் கொள்ளுங்கோ என்று சொல்ல நினைத்தேன். குசினிக்குள் போய்ச் சட்டி கழுவினேன்.

ஓகஸ்ட் 7

காலையில் நானே கேட்டேன், கல்லறைக்குப் போவமோ என்று. போனோம். அங்கே வைத்து அண்ணை முதன்முறையாக, அம்மாவின்ரை கடைசி நாள் எப்பிடி என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். வாய் ஒரு பக்கம் இழுத்தது, என்னை மரியநாயகி என்று தன் தங்கச்சியின் பெயரால் கூப்பிட்டது, விடியப்புறம் கஞ்சி கேட்டுவிட்டுக் குடிக்காமல் விட்டது. அவர் கேட்கக் கேட்க எனக்கும் அது இப்போதுதான் நடக்கிற மாதிரி. இரண்டு பேரும் அழுதோம். அப்போது நான் மன்னிப்புக் கேட்டேன். "விடு பிள்ளை" என்றார்.

பத்து மணிக்கு அண்ணையை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக வான் வந்தது. சொல்லப் போகிறாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 17, வியாழன்

சொல்லிவிட்டார்.

எட்டுப் பேருக்கும் கிண்ணம் வைத்திருக்கிறார்கள். அண்ணை தன்னுடைய கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்கு இரண்டரை வரியமா ஒரு மணமும் தெரியாது" என்றாராம். பிறகு லீவ் கேட்டிருக்கிறா, அப்படியென்றால் அந்தத் தகரப் போத்தல்?

"என்ரை தங்கச்சி. நண்டுக் கொம்பனியிலை மணம் பார்க்கிறவ."

அவ கோபித்துத்தான் கதைத்தாவாம். கோபம் நியாயம்தானே. இரண்டரை வருடக் கொப்பிகளை எல்லாம் இனித் திரும்பப் பார்க்க வேண்டும். அண்ணை எழும்பி வெளியே வந்தார். ஒருவரும் பின்னால் வரவில்லை. அங்கே நின்றுதான் எனக்குப் போன் எடுத்தார்.

"இப்ப எங்கை நிக்கிறியள்?"

"சைக்கிள் விடுற இடத்திலை. கொஞ்ச நேரம் கதைச்சுக்கொண்டிரு."

கதைத்தேன். கறி, வெயில், வின்சன்றின் இயந்திரம் பழுதானது. என்னவெல்லாமோ.

ஓகஸ்ட் 24

வேலையால் நிப்பாட்டவில்லை. எச்சரிக்கைக் கடிதம். மேசை இனி இல்லை, போத்தல் அடைக்கிற இடத்துக்குத் திரும்பவும். மூக்கு வைத்தியரிடம் போகச் சொல்லி லீவ் தானே நாள் எடுத்துக் கொடுத்திருக்கிறா.

செப்ரெம்பர் 10

வைத்தியர் வாசனை எண்ணெய் நாலு சின்னக் குப்பியில் கொடுத்திருக்கிறார். காலையும் மாலையும் மணந்து பழக வேண்டுமாம். இவ்வளவு காலம் போய்விட்டது, பெரிதாக எதிர்பார்க்காதே என்றும் சொல்லியிருக்கிறார். அண்ணை இப்போது ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறார். அடுப்பில் கறி இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டுக் கதைக்கிறேன்.

ஒக்ரோபர் 15

"ஏதும் தெரியுதோ?" "இல்லை." அவ்வளவுதான் இன்றைக்கு.

நவம்பர் 23, வியாழன்

மத்தியானம், கையுறையோடு தட்டுக்கு முன்னால் நிற்கும்போது போன் அடித்தது. அண்ணை. அந்த நேரத்தில் எடுக்கமாட்டார், அங்கே விடிந்து வேலைக்குப் போகிற நேரம். பயந்துபோய் ஒரு கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு எடுத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு கத்துகிறார்.

"நாய், ஜெயனி! நாய்!"

"ஐயோ, கடிச்சுப்போட்டுதோ?"

"இல்லையடி! பஸ்ஸிலை ஒரு கிழவன்ரை நாய். மழையிலை நனைஞ்சு வந்து என்ரை காலடியிலை படுத்திட்டுது. நாறுது! அப்பா, என்ன ஒரு நாத்தம்!"

பார்த்தீபன் போனை வை என்று கையால் காட்டினார். நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இப்பவும் தெரியுதோ?"

"இப்ப இல்லை, போயிட்டுது. நாய் இறங்கும் வரைக்கும் இருந்தது. நான் இறங்க வேண்டிய இடத்திலை இறங்கேல்லை. மூண்டு தரிப்புத் தாண்டி வந்திட்டன். இப்ப மழைக்குள்ளாலை திரும்பி நடக்கிறன்."

வேலைக்குப் பிந்திவிடும். ஏன் பிந்தினாய் என்று கேட்பார்களே என்றேன். நடந்ததை அப்படியே சொல்லப் போகிறாராம்.