ஒன்பது நாள் தாளம்

ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம்

என் மூத்த மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, சின்னவள் மூவரும் நன்றாகத்தான் இருக்கிறோம். ‘நன்றாகத்தான்’ என்று வேண்டுமென்றேதான் எழுதியிருக்கிறேன், இன்னொரு தடவை படித்துக்கொள். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, விரல்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இசைப் பள்ளியை விட்டுவிட்டு மாதக் கடைசியில் வீட்டுக்கே வந்துவிடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஆசிரியையிடம் இன்னும் சொல்லவில்லை, உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த மட்டுக்கும் புத்தி இருந்ததே, சந்தோஷம்.

நேற்று நீ வீடியோவில் வந்தபோது நான் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. காது கேட்கிறவர்கள் வீட்டில் ரகசியம் பேச வேண்டுமென்றால் குரலைத் தாழ்த்தினால் போதும். நம் வீட்டில் கையைத் தூக்கினாலே ஊருக்கெல்லாம் செய்தி. சின்னவள் சமையலறை வாசலில் நின்று தட்டைக் கழுவிக்கொண்டே முழுக் கதையையும் படித்துவிடுவாள். படித்ததோடு நிறுத்துவாளா, அப்பாவிடம் நடித்தும் காட்டுவாள். அதனால்தான் தாளும் பேனாவும்.

முதலில் கண்டக்டர் விஷயம். “பாப்பா, உன் ரூம்ல ஒம்பது நாளா டம் டம்னு அடிச்சுக்கிட்டே இருக்கு, கதவைத் தட்டித் தட்டிக் கைதான் வலிக்குது, காலங்காத்தால பஸ்ஸுக்குப் போறவன், மத்தியானம் கண்ண மூட முடியல” என்று அவர் உனக்கு அனுப்பியதை நீ அப்படியே எழுதியிருந்தாய். படிக்கும்போது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. கீழ் வீட்டில் பத்து வருஷமாக இருக்கிற மனிதர், ஒரு நாள் முகம் சுளித்தது கிடையாது. முதல் நாலு நாள் என் தையல் மெஷின் சத்தம் என்றே நினைத்தாராம். ஏதோ அவசர ஆர்டர், பாவம் அக்கா தூங்காமல் தைக்கிறாள் என்று என் மேல் இரக்கப்பட்டிருக்கிறார். ஐந்தாம் நாள் சத்தம் கூடியதாம். ஏழாம் நாள் இன்னும் கூடியதாம். அதற்குப் பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு சமையலறையில் போய்ப் படுத்திருக்கிறார்.

ஊருக்குப் போகிற அவசரத்தில் நீ உன் கீபோர்டை அணைக்காமல், தாளப் பொத்தானை ஓடவிட்டுப் போனது உன் தப்பு. வாசல் மணியை அழுத்தினால் கூடத்தில் மின்னுகிற நம் விளக்கு அதே வாரம் பார்த்து ஃபியூஸ் போனது யார் தப்பும் இல்லை. அந்த மனிதர் வெளியே நின்று கதவை உடைக்காத குறையாகத் தட்ட, உள்ளே காது கேளாத நாங்கள் மூவரும் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். ஒன்பதாம் நாள் நீ செய்தி அனுப்பிய பிறகுதான் கதவைத் திறந்து அவரை உள்ளே விட்டோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. உனக்கு மட்டும்தான் அழுகை வந்திருக்கிறது.

“இன்று கீபோர்டு, நாளை கேஸ் கசிந்தால்?” என்று கேட்டிருக்கிறாய். கேஸ் கசிந்தால் நாற்றம் வரும், கண்ணு. எங்களுக்கு மூக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

விளக்கை அப்பா மறுநாளே மாற்றிவிட்டார். கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, போதாக்குறைக்குக் குளியலறையிலும் ஒன்று. இப்போது யாராவது மணியை அழுத்தினால் வீடே கண் சிமிட்டுகிறது. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஓவர்டைம் முடித்து வந்து, ஏணி போட்டு ஏறி, ஒயரை வாயில் கவ்விக்கொண்டு செய்தார். வாயில் ஒயர் இருந்தாலும் கை சும்மா இருந்ததா? ஏணி மேலிருந்து ஒரு கையால் என்னைத் திட்டிக்கொண்டேதான் செய்தார்.

சீருடைக் கடை மேனேஜரிடமும் நானே போய் வந்தேன். நான் தைத்துக் கொடுத்த நூற்றிருபது சட்டைக்கும் கை நீளம் தப்பு என்று எழுதிக் காட்டினார். அவர் கொடுத்த அளவுச் சீட்டை மேசையில் வைத்து, தப்பு உங்களுடையது என்று நோட்டில் எழுதினேன். அவர் அதற்குக் கீழே பெரிய எழுத்தில் பதில் எழுதினார். நான் அதைவிடப் பெரிதாக எழுதினேன். கடைசியில் ஒரு பக்கத்துக்கு ஒரே வார்த்தை என்று சண்டை போட்டோம். கடைப் பெண்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான்தான் ஜெயித்தேன். நீ வந்திருந்தால் என் கோபத்தைப் பாதியாக்கி, மரியாதை சேர்த்துச் சொல்லியிருப்பாய். ஜெயித்திருக்க மாட்டோம்.

உன் வேலை எப்போதும் அப்படித்தான். ஏழு வயதில் உன் வகுப்பு ஆசிரியை உன்னைப் பற்றி என்னிடம் புகார் சொன்னபோது, நீயே நடுவில் நின்று, அம்மா, நான் ரொம்ப நல்ல பெண் என்கிறார் என்று கையால் சொன்னாயே, மறந்துவிட்டதா? அந்த அம்மாளின் முகம் சிவந்து கிடந்தது. எனக்குக் காதுதான் கேட்காது, கண் தெரியும். உன் தைரியத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்து, நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில், வங்கியில், வீட்டுக்காரரிடம் என்று எல்லா இடத்திலும் உன்னை முன்னால் நிறுத்திவிட்டோம். மற்ற பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்த நேரத்தில் நீ அப்பாவின் முதுகுவலியை டாக்டருக்கு விளக்கிக்கொண்டிருந்தாய். அது எங்களுக்குச் சௌகரியமாக இருந்தது. அது சரியில்லை. அப்போதே தெரிந்திருந்தும் செய்தோம்.

உன் இசையைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நீ ஒரு தடவை கோபத்தில் கேட்டாய். தெரியாதுதான். ஆனால் நாலு வயதில் நான் தைக்கும்போது என் முதுகில் சாய்ந்து உட்கார்ந்து விரலால் தட்டுவாய். நேர் தையலுக்கு ஒரு மாதிரி, காலர் திருப்பத்துக்கு ஒரு மாதிரி. நான் மிதியை நிறுத்துகிற அதே நொடியில் உன் விரலும் நிற்கும். என் முதுகுக்கு அது இன்னும் ஞாபகம் இருக்கிறது. பள்ளி விழாவில் நீ வாசித்தபோது நானும் அப்பாவும் உன்னைப் பார்க்கவில்லை, தெரியுமா? திரும்பி உட்கார்ந்து மற்றவர்கள் முகத்தைப் பார்த்தோம். மூன்றாம் வரிசையில் ஒரு தடித்த மனிதர் பிஸ்கட்டை வாய்வரை கொண்டுபோனவர் தின்ன மறந்துவிட்டார். நீ முடித்த பிறகுதான் கடித்தார். என் மகள் சாதாரணமாக வாசிக்கவில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

அணைக்காமல் விட்ட கீபோர்டு அதே சத்தத்தில் அல்லவா ஓடிக்கொண்டிருக்க வேண்டும்? ஐந்தாம் நாள் ஏன் கூடியது? நீ அதை யோசிக்கவில்லை. நாங்கள் கவனிக்கவில்லை, பாவம், எங்களுக்குத் தெரியாது என்றே முடிவு கட்டிவிட்டாய்.

எனக்குத் தெரியும். நீ போன அன்றே தெரியும். உன் படுக்கை விரிப்பை எடுக்கப் போனபோது உன் கீபோர்டு இருக்கிற மேசையில் கை வைத்தேன். பலகை துடித்துக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. அணைக்க வேண்டும் என்று விரலைக்கூட நீட்டினேன். அணைக்க மனம் வரவில்லை. தினமும் மத்தியானம் மெஷினை நிறுத்திவிட்டு உன் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மேசையில் வைத்துக்கொள்வேன். நீ அறையில் இருக்கிற மாதிரியே இருந்தது. ஐந்தாம் நாள் துடிப்பு ஏதோ மங்கலாகத் தோன்றியது, அதைக் கூட்டுகிற திருகைப் பாதிவரை திருப்பினேன். எனக்கு அது கையால் தொடுகிற பொருள். அதற்குக் கீழ் வீடுவரை போகிற சத்தம் ஒன்று உண்டு என்பது சத்தியமாக என் தலையில் ஏறவே இல்லை.

ஆகையால் இது காது கேளாததால் வந்த வினை இல்லை. மகளைப் பிரிந்த எந்த அம்மாவும் செய்கிற அசட்டுத்தனம். அதற்கு நீ படிப்பை விட்டுவிட்டு வந்து காவல் இருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. நான் திருப்பியது பாதிவரைதான். கண்டக்டர் வந்து பார்த்தபோது திருகு கடைசிவரை திரும்பியிருந்தது. உன் அப்பா தினமும் வேலைக்குக் கிளம்புமுன் உன் அறை ஜன்னல் கொக்கியைச் சரிபார்க்கப் போவார். ஒரு கொக்கிக்குப் பத்து நிமிஷம் ஆகும். நான் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அவரும் என்னைக் கேட்கவில்லை.

கண்டக்டரிடம் மட்டும் உண்மையை நோட்டில் எழுதிக் காட்டி மன்னிப்புக் கேட்டேன். படித்துவிட்டு என் பேனாவை வாங்கிக்கொண்டார். பிறகு, “ஞாயித்துக்கெழம எனக்கு லீவுக்கா, நாலு மணியிலேருந்து அஞ்சு வர போட்டுக்கோங்க” என்று எழுதினார். கீபோர்டின் முன் உட்கார்ந்து, திருகை மெல்லத் திருப்பிப் பார்த்து, எதுவரை போகலாம் என்று பேனாவால் ஒரு கோடும் போட்டுக் கொடுத்தார். இன்று நாலு மணிக்கு டீ குடிக்க மாடிக்கே வந்துவிட்டார். சின்னவள் அவருக்கு மூன்று வார்த்தை கையால் சொல்லக் கற்றுக் கொடுத்திருக்கிறாள்: டீ, சத்தம், போதும். நாலு பேரும் மேசையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அஞ்சு மணிக்கு அவர் ‘போதும்’ என்றார். நானே அணைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

பருவ முடிவில் நீ மேடையில் வாசிக்கிற நாளுக்கு மூவரும் வருகிறோம். அப்பா லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். ஓரமாக இடம் பிடித்து வை, எங்களுக்கு மற்றவர்கள் முகம் தெரிய வேண்டும். நீ முடித்ததும் நாங்கள் கையைத் தூக்கி ஆட்டுவோம், எங்கள் கைதட்டல் அதுதானே. கூச்சப்படாமல் நீயும் ஒரு தடவை ஆட்டு.

எங்கள் இரண்டு பேர் கையும் எப்போதும் உன் தலைமேல் இருக்கிறது. கண்டக்டர் போட்ட கோட்டை நான் தாண்டுவதில்லை. படிப்பு முடிகிறவரை நீயும் அந்தப் பள்ளி வாசலைத் தாண்டிவிடாதே, என் தங்கமே.

உன்னை நினைத்தபடி,
அம்மா